மண்ணெண்ணெய்க் கார்களுக்கும் ஒரு பந்தயம் வேண்டும்

தொண்ணூறுகளில், பெற்றோல் தடைக்காலத்தில், வன்னியில் ஒரு ஒஸ்ரின் காரைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் குனிந்து, கிறிலின் அடியில் உள்ள துளைக்குள் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றுவார். மற்றவர் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தலோடு காபரேற்றரின் வாயருகே நிற்பார். போத்தலில் இருப்பது பெற்றோல். அதை யாரும் ஊற்றமாட்டார்கள், பீச்சுவார்கள். நாலைந்து துளி உள்ளே போனதும் எஞ்சின் ஒருமுறை இருமும், திரும்பவும் இருமும், பிறகு பிடித்துக்கொள்ளும். அது சூடேறும்வரை போத்தல்காரர் நகரமாட்டார். சத்தம் சீரானதும் மண்ணெண்ணெய்க் குழாய் திறக்கப்படும். பின்னால் வெண்புகை எழும்பும், கண் எரியும், கார் புறப்பட்டுவிடும்.

அந்த நாளில் அதை யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டதில்லை. ஹயர் போகவேண்டியிருந்தது, போனார்கள். ஆனால் தொழிற்சாலை ஒரு வேலைக்கென்று செய்து அனுப்பிய எஞ்சினைத் திறந்து, அதன் குணத்தையே மாற்றி, நினைத்தும் பார்த்திராத இன்னொரு வேலைக்கு இணங்கவைப்பதை உலகின் வேறு மூலைகளில் பெருங்கலையாக மதிக்கிறார்கள். அதற்கு விதிப்புத்தகம் இருக்கிறது, சஞ்சிகைகள் இருக்கின்றன, வெற்றிக் கிண்ணங்கள் இருக்கின்றன. அந்தக் கலை உச்சத்துக்குப் போன இடம் டிராக் பந்தயம். அங்கே ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் கொண்டாடப்படும் கார்களில் ஒன்று, நம்மூர்களில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய அதே பிரித்தானியச் சின்னக் கார்தான்.

டிராக் பந்தயத்தை விளங்கிக்கொள்ள அதிக நேரம் தேவையில்லை. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. கால் மைல் நீளமான ஒரு நேர்வீதி, அதாவது 402 மீற்றர். இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். முதலில் எல்லையைத் தொட்டது வென்றது. அமெரிக்காவில் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்த தேசிய ஹொட் ரொட் சங்கத்தை 1951இல் வொலி பார்க்ஸ் தொடங்கினார். அதற்கு முன்பு கலிபோர்னியாவில் பொடியள் இரவில் பொதுவீதிகளில் ஓடிச் செத்துக்கொண்டிருந்தார்கள். வீதியில் ஓடாதே என்று சொன்னவர்கள், ஓடுவதற்கு வேறு இடத்தையும் காட்டினார்கள் என்பதுதான் அந்தச் சங்கத்தின் கதை. பெரும்பாலும் அந்த இடம், உலகப்போர் முடிந்து வேலையற்றுக் கிடந்த ஒரு விமான ஓடுபாதை.

இந்தப் பந்தயத்துக்குள் பிரித்தானியச் சின்னக் கார் எப்படி வந்தது?

1947 ஒக்ரோபரில் பேர்மிங்ஹாமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலை ஒஸ்ரின் ஏ-40 டெவனை வெளியிட்டது. 1200 சிசி, 40 குதிரைவலு. போர்க்கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியாவுக்கு அன்று டொலர் தேவை. வெளிநாட்டுக்கு விற்கும் நிறுவனத்துக்குத்தான் அரசாங்கம் தாராளமாக உருக்கு ஒதுக்கியது. ஆகவே ஏ-40 கப்பல் கப்பலாக வெளியே போனது. அமெரிக்காவுக்கும் போனது, கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்தது. 1948இல் வந்த மொறிஸ் மைனர், பிறகு வந்த ஏ-40 சொமர்செற், 1954இல் வந்த கேம்பிறிட்ஜ், ஃபோர்ட்டின் அங்கிலியா, பிறிஃபெக்ற், பொப்பியூலர் எல்லாம் இந்த அலையில் வந்தவை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ‘கேம்பிறிட்ஜ்’ என்றால் இன்றும் பல்கலைக்கழகத்துக்கு முன் கார்தான் நினைவுக்கு வரும்.

அமெரிக்கருக்கு இந்தக் கார்கள் விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தன. அங்குள்ள நெடுஞ்சாலைகளில் அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் பழைய ஒஸ்ரினும் அங்கிலியாவும் பழைய இரும்புக் கடைகளில் மலிந்து கிடந்தன. டிராக் பந்தயக்காரரின் கண் அங்கேதான் விழுந்தது. கார் எடை குறைவு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே அங்கிலியாவில் 90 அங்குலம், டெவனில் அதைவிடச் சற்றே அதிகம். அந்தச் சின்ன எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அமெரிக்க வீ-8 ஒன்றை இறக்கினார்கள். முன்பக்கத்தை வேண்டுமென்றே உயர்த்தி, வண்டில் அச்சுப் போன்ற நேரான அச்சு போட்டார்கள். புறப்படும்போது காரின் பாரம் முழுவதும் பின்னால் சாய்ந்து பின்சில்லுகளை நிலத்தோடு அழுத்தவேண்டும் என்பது கணக்கு. எஞ்சினுக்குள் காற்றை வலிந்து திணிக்கும் புளோவர் சிலவேளை ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் லொறியிலிருந்து கழற்றியதாக இருக்கும். ‘காசர்’ என்று பெயர் பெற்ற இந்த வகைக் கார்களில் வல்லவை அறுபதுகளின் நடுவில் கால் மைலைப் பத்து விநாடிக்குள் முடித்தன. ஒப்பிட்டுப் பார்க்க: 803 சிசி எஞ்சினோடு வந்த மொறிஸ் மைனர் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டவே முக்கால் நிமிடத்துக்கு மேல் எடுக்கும்.

பிரித்தானியாவிலும் இந்தப் பைத்தியம் பிடித்தது. பெட்ஃபோர்ட்ஷயரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற பொடிங்டன் தளம் 1966 ஈஸ்ரர் காலத்தில் சான்ரா பொட் என்ற பெயரில் டிராக் பாதையாகத் திறந்தது. 1953இல் வெளிவந்தபோது பிரித்தானியாவின் மிக மலிவான காராக இருந்த ஃபோர்ட் பொப்பியூலருக்கு அங்கே இரண்டாம் பிறவி. 1172 சிசி, 30 குதிரைவலு, மூன்று கியர், கம்பியால் இழுபடும் பிரேக் என்று பிறந்த கார் அது. கிழவிகள் கோயிலுக்குப் போய்வர வாங்கிய கார் என்று கேலி பேசப்பட்ட ஒன்று, பின்ரயரிலிருந்து புகை கக்கிக்கொண்டு முன்சில்லு நிலத்தில் படாமல் பாய்வதைப் பார்க்கச் சனம் காசு கொடுத்து வந்தது. இப்போதும் வருகிறது.

இனி வன்னிக்கு வருவோம். டிராக் பந்தயக்காரரும் வன்னி மெக்கானிக்கும் செய்தது ஒரே வேலைதான், திசைதான் எதிர். இதை ‘கஷ்டகாலத்துச் சமாளிப்பு’ என்று ஒற்றை வரியில் கடந்துபோகிறவர்கள் அந்த வேலையின் நுட்பத்தைப் பார்க்காதவர்கள்.

சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு நெரிக்கப்படுகின்றன என்பது சுருக்க விகிதம். நெரிப்பு ஏற ஏற வலு ஏறும். ஆகவே டிராக்காரர் சிலிண்டர்களின் மூடியான கெட்டைச் சீவுகிறார், தலை உயர்ந்த பிஸ்ரன் போடுகிறார், அதைத் தாங்கக்கூடிய உயர்ந்த ஒக்ரேன் எரிபொருளைத் தேடுகிறார். மண்ணெண்ணெய் இதற்கு நேர்மாறு. அதன் ஒக்ரேன் அளவு மிகத் தாழ்ந்தது. அதிகமாக நெரித்தால் பிளக் பொறி மூட்டிய சுவாலை எட்டுமுன்பே ஒரு பகுதி தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்ரனின் தலையில் சுத்தியலால் அடித்ததுபோல் அடிக்கும். ‘நொக் பண்ணுது’ என்று மெக்கானிக் சொல்வது அதைத்தான். ஆகவே நெரிப்பைக் குறைக்கவேண்டும், அதற்குக் கெட்டின் அடியில் வைக்கும் கஸ்கற்றை இரட்டையாகப் போடுவது உலகறிந்த ஒரு வழி. டிஸ்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் திருப்பிப் பொறி பிந்தி விழும்படி செய்யவேண்டும். காபரேற்றர் ஜெற்றின் அளவையும் மாற்றவேண்டும். அதோடு, குளிர்ந்த மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடு வேண்டும், அதுவும் சிலிண்டருக்குள் போவதற்கு முன்பே வேண்டும்.

பழைய பிரித்தானிய எஞ்சினின் வடிவம் கைகொடுத்தது இந்த இடத்தில்தான். மொறிஸ் மைனரில் பின்னர் வந்த ஏ-வகை எஞ்சினிலும், கேம்பிறிட்ஜில் வந்த பி-வகையிலும் காற்று உள்ளே போகும் வாய்களும் புகை வெளியேறும் வாய்களும் கெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நான்கு சிலிண்டருக்கு ஐந்தே வாய்கள். இரண்டு வாய்களை நான்கு சிலிண்டர்களும் பங்குபோட்டுக் காற்றை இழுக்கும். பந்தயக்காரர்கள் இந்த அமைப்பைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, வலு குறையும். ஒரு சிலிண்டரின் மூச்சை மற்றது திருடும். மினி காரை ஓட்டப்பந்தயத்துக்குத் தயார்செய்தவர்கள் இந்த ஐந்து வாய்க் கெட்டோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழித்தார்கள். வன்னியிலோ அந்தக் குறைதான் வரம். புகைக்குழாயின் சூடு பக்கத்திலுள்ள உள்வாய்க் குழாயில் நேரே ஏறி மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. பந்தயக்காரர் எந்தச் சூட்டை விரட்டப் பாடுபட்டாரோ அந்தச் சூட்டில்தான் இங்கே ஹயர் ஓடியது.

இன்னொன்றும் உண்டு. பிரித்தானியாவில் 1939இலிருந்து 1953 தொடக்கம்வரை நிறுவனப் பெயர் எதுவும் இல்லாத பொதுப் பெற்றோல்தான் விற்றார்கள். அதன் ஒக்ரேன் 70ஐ ஒட்டியது. இன்று நம்மூர் நிரப்பு நிலையத்தில் உள்ள ஆகக்குறைந்த பெற்றோலே 92. 1950 மே மாதம்வரை அங்கே பெற்றோலுக்குப் பங்கீடும் இருந்தது. அந்த மட்டமான எண்ணெயில் ஓடவேண்டும் என்று வடிவமைத்ததால் டெவன், சொமர்செற் போன்றவற்றின் சுருக்க விகிதம் 7ஐச் சுற்றியே நின்றது. இன்றைய பெற்றோல் கார்களில் அது 10ஐத் தாண்டும். எரிபொருள் தட்டுப்பாட்டில் பிறந்த எஞ்சின்கள், நாற்பது ஆண்டு கழித்து இன்னொரு தட்டுப்பாட்டில் வந்து மாட்டிக்கொண்டன.  

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் என்று தடைப்பட்டியல் நீண்டது. யப்பான் கார்கள் முதலில் படுத்தன. பற்றரி செத்தால் அவற்றைத் தள்ளித்தான் கிளப்பவேண்டும். முன்னால் கைபிடி செருகத் துளையுள்ள ஒஸ்ரினும் மைனரும் கோடிப்புறத்துக் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன. கோழி முட்டையிட்ட இருக்கைகளைத் தட்டித் துடைத்து ஓடவிட்டார்கள்.

உருத்திரபுரம் போன்ற ஊர்களில் இதன் பெறுமதி என்ன என்பது அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேற்றத் திட்டமாக விரிந்த ஊர் இது. இரணைமடுத் தண்ணீரில் வயல், வயலுக்கு நடுவே வாய்க்கால், வாய்க்கால் ஓரத்தில் வீதி. வீட்டிலிருந்து கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போவதற்கு நடு இரவில் வேறு வழியில்லை. பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் ஒரு கார்தான் கதி. நெல்லையும் ஏற்றினார்கள், கலியாண மாப்பிள்ளையையும் ஏற்றினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்ததைத் தொடர்ந்து பெருந்தொகைச் சனம் வன்னிக்குள் வந்தபோது இந்தச் சேவையின் தேவை பலமடங்கானது. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் விழுந்தபோது உருத்திரபுரமே இடம்பெயர்ந்தது. வன்னியில் தடை 2002வரை நீடித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஏ-9 திறந்தபோது சிலர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் காருக்கு முழுத் தாங்கி பெற்றோல் அடித்தார்கள்.

மண்ணெண்ணெயில் ஓட்டுவது சும்மா இல்லை. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி அடியிலுள்ள எஞ்சின் ஒயிலோடு கலக்கும். நாள் செல்ல ஒயிலின் அளவு குறைய வேண்டியது, இங்கே ஏறும். அளவுகோலை இழுத்துப் பார்த்து, ஒயிலை விரல்களுக்கு நடுவே உருட்டி, மணந்து பார்த்தால்தான் எவ்வளவு தண்ணீராகிவிட்டது என்பது தெரியும். நேரத்துக்கு மாற்றாவிட்டால் பெயறிங் போய்விடும். மாற்றுவதற்கு நல்ல ஒயிலும் கிடையாது. பிளக் கரி பிடிக்கும், வால்வு கரி பிடிக்கும். ஆக, எந்தச் சூட்டில் குழாயைத் திறப்பது, எந்த ஏற்றத்தில் திரும்பவும் இரண்டு துளி பீச்சுவது, எஞ்சினை நிறுத்துமுன் எத்தனை விநாடி பெற்றோலில் ஓடவிட்டால் அடுத்த நாள் காலையில் கிளம்பும் என்பதெல்லாம் ஒவ்வொரு ஓட்டுநரின் காதிலும் மூக்கிலும் இருந்த அறிவு.

பிரித்தானியர்களும் இதைச் செய்தவர்கள்தான் என்பதைச் சொல்லிவிடவேண்டும். நாற்பதுகளின் கடைசியில் வந்த சாம்பல் நிற ஃபேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய எரிபொருளில் ஓடியது. பெற்றோலில் கிளப்பிச் சூடேற்றிவிட்டு மற்றதற்கு மாற்றவேண்டும், வன்னியில் செய்த அதே முறை. வித்தியாசம், ஃபேர்குசனுக்கு அதைத் தொழிற்சாலையே செய்து, இரண்டு எரிபொருளுக்கும் இடம் வைத்து, அச்சடித்த கைநூலையும் கையில் கொடுத்தது. கேம்பிறிட்ஜ் காருக்கு அப்படியொரு கைநூல் எழுதப்படவே இல்லை. அது கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் கராஜ்களில் வாய்வழியாக எழுதப்பட்டது.

அந்தக் கராஜ்களோடு என்ன நடந்தது என்பதை வன்னிக்கு நினைவூட்டத் தேவையில்லை. போரின் இறுதிக் கட்டமான 2009இன் முதல் மாதங்களில் சனம் தங்களிடம் இருந்த வாகனங்களில் ஏறி ஊர் ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்காலில் அவற்றை விட்டுவிட்டு வெளியேறியது. பிறகு அங்கே சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், பஸ், கார் என்று துருப்பிடித்த குவியல்கள் பல காலம் கிடந்தன. பின்னர் இரும்பு விலைக்குப் போயின. தப்பிய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து சேகரிப்பாளர்கள் வந்தார்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய மைனருக்கும் விலை ஏறியது. விற்றவர்களைக் குறைசொல்ல முடியாது, வீட்டுக்கூரை போடப் பணம் வேண்டும். வாங்கியவர்கள் அதைப் புதுக் குரோமும் பளபளக்கும் பெயின்ற்றுமாக மாற்றிக் கலியாண ஊர்வலத்துக்கு விடுகிறார்கள். அப்படி மாற்றும்போது முதலில் கழற்றி எறியப்படுவது, கந்தல் துணி சுற்றிய அந்த மண்ணெண்ணெய்க் குழாய்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வடக்கில் மைனர்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் தென்னிலங்கையில் மைனர் உடற்பாகங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். ஒரு கார் நீடித்து உழைக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை, அதற்காகப் புத்தகமே எழுதினார். தெற்கில் அடித்த மட்காட் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அவருடைய கொள்கைக்கு உலகத்திலேயே கடுமையான பரிசோதனை நடந்துகொண்டிருந்த இடம் அந்தத் தெற்கிலிருந்து சில நூறு கிலோமீற்றர் வடக்கே, யாரும் எட்டமுடியாத ஒரு கோட்டுக்கு அப்பால் இருந்தது.

கேட்கவேண்டியது இதுதான்: அமெரிக்கப் பொடியள் 1960இல் அங்கிலியாவுக்கு என்ன செய்தார்கள் என்பது அங்குலக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. எஞ்சினை எவ்வளவு பின்னுக்குத் தள்ளலாம், எடைக்கும் கொள்ளளவுக்கும் என்ன விகிதம், எந்த வகுப்பு என்று விதிப்புத்தகம் சொல்லும். அதனால்தான் இன்று இருபது வயதுப் பெடியன் ஒருவன் அதே காரை அதே முறையில் திரும்பக் கட்ட முடிகிறது. வன்னியின் மண்ணெண்ணெய்க் காரைத் திரும்பக் கட்ட இன்று எந்தப் பெடியனால் முடியும்? தடைக்கால நினைவுகளாக எழுதப்பட்டவற்றில் புகையும் போத்தலும் வரும். ஜெற்றின் அளவு வராது. அந்த வேலையைச் செய்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

இந்த அறிவைப் பதிவுசெய்யக்கூடிய இடங்கள் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. 2016இல் ஜேர்மன் உதவியோடு தொடங்கிய தொழிற்பயிற்சி நிறுவகமும் அங்கேயே இருக்கிறது, அங்கே வாகனத் தொழில்நுட்பம் ஒரு பாடநெறி. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்துவிட்டது. மாணவர்களுக்குச் செயற்திட்டம் வேண்டும், ஆசிரியர்கள் தலைப்புத் தேடுகிறார்கள். ஓடிய கார் ஒன்றையும் ஓட்டிய மெக்கானிக் ஒருவரையும் ஒரு கொட்டிலுக்குள் கொண்டுவந்து, கெட்டைக் கழற்றி, கஸ்கற்றின் தடிப்பை அளந்து, வெப்பமானியைக் குழாயில் கட்டி, அவர் ‘இப்ப திறக்கலாம்’ என்று சொல்லும்போது எத்தனை பாகை என்று எழுதிக்கொள்வதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது.

ஆனால் ஆவணமாக்கினால் மட்டும் போதாது. நூதனசாலையில் கயிறு கட்டி நிறுத்திய கார் ஐந்து வருடத்தில் வெறும் தகரம். டிராக் உலகம் தன் அறிவைக் காப்பாற்றியது போட்டி வைத்துத்தான். ஆகவே கிளிநொச்சியில் ஆண்டுக்கொரு பந்தயம் வைக்கலாம், வேகப் பந்தயத்தைத் தலைகீழாக்கி. அங்கே 402 மீற்றரைக் குறைந்த நேரத்தில் கடக்கவேண்டும். இங்கே ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில், இரண்டு மூடை நெல்லோடு, அதிக தூரம் போகவேண்டும். கிளப்புவதற்கும் நிறுத்துவதற்கும் பீச்சிய பெற்றோலின் ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் புள்ளி குறையும். மைனருக்கு ஒரு வகுப்பு, ஏ-40க்கு ஒன்று, பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று. வழியில் நின்றால், கைபிடியைச் சுழற்றித் திரும்பக் கிளப்ப எடுக்கும் நேரமும் கணக்கில் வரும். சனம் பார்க்க வருமா என்ற சந்தேகம் தேவையில்லை. பொனற்றுக்குள் தலையை விட்டபடி ஒருவர் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் கூடுவது வன்னியில் புதிதல்ல.

‘பட்ட துன்பத்தைக் கொண்டாடுவதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தடையால் மருந்தில்லாமல் செத்தவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க் காரைப் பற்றிப் பேசும்போது அது ஏன் தேவைப்பட்டது என்பதை மறைத்துப் பேசினால் அது கேளிக்கையாகிவிடும். ஆனால் தடை விதித்தவர்களின் ஆவணங்கள் அரசாங்கக் கோவைகளில் பத்திரமாக இருக்கின்றன. தடைக்குள் இருந்தவர்கள் அதை எப்படி வென்றார்கள் என்ற ஆவணம்தான் இல்லை. துன்பத்தின் பெயரால் அந்தத் திறமையையும் சேர்த்துப் புதைப்பது எவருக்கும் செய்யும் மரியாதை ஆகாது.

பொலிஸ் தரப்பு வேறொன்று சொல்லும். மாற்றியமைத்த வாகனம் என்றாலே அவர்களுக்குத் தலையிடி. 2025 தொடக்கத்தில் நாடு முழுவதும் வாகனங்களின் அனுமதியற்ற பொருத்துகளைக் கழற்றுவித்தார்கள். ஏ-9இலும் வாய்க்கால் வீதிகளிலும் சைலன்சரைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் பறக்கும் பொடியளைப் பார்க்கையில் அந்த எரிச்சலும் விளங்குகிறது. என்றாலும் தண்டப்பணம் மட்டும் இந்த வேகமோகத்தை எங்கேயும் நிறுத்தியதில்லை, ஓடுவதற்கு வேறு இடமும் வேண்டும். சென்னைக்கு அருகே போர்க்காலத்து ஓடுபாதையான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. தென்னிலங்கையில் கட்டுக்குருந்தை ஓடுபாதையில் நடக்கிறது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதல் இருக்கிறது. வடக்கில் வேகத்தில் மோகம் கொண்ட ஒரு பெடியனுக்குச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு கால் மைல் எங்கே? இரணைமடு ஓடுபாதை விமானப்படையின் கையில் இருக்கிறது. அதைத் தாருங்கள் என்று கேட்பது இப்போதைக்கு நடக்காத காரியம். மண்ணெண்ணெய்ப் பந்தயத்துக்கு ஓடுபாதையே தேவையில்லை, ஒரு கல்லூரி வளாகத்தின் உள்வீதி போதும். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் யாரும் போகப்போவதில்லை. ஒரு சின்ன ஜெற்றைத் துளைத்து அளவு மாற்றிப் பார்த்த கைக்கு, சைலன்சரை வெட்டுவது எவ்வளவு முட்டாள் வேலை என்பது தானாக விளங்கும்.

2022இல் தென்பகுதி முழுவதும் நிரப்பு நிலைய வரிசையில் நாட்கணக்கில் நின்றபோது பலருக்கு வடக்கின் பழைய போத்தல் நினைவுக்கு வந்தது. அப்போது அந்த வித்தையும் முழுதாக உதவவில்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. அந்த ஓகஸ்ரில் அதன் விலை ஒரேயடியாக லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மலிவான மாற்று என்று இனி அதைச் சொல்ல முடியாது என்பதால், இந்தப் பந்தயம் வாகன ஓட்டத்துக்கு வழிகாட்டும் என்றெல்லாம் வாதாடத் தேவையில்லை. அறிவைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு வேறு நியாயம் வேண்டியதில்லை.

தொடங்குவதானால் முதல் வேலை கணக்கெடுப்பு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலும் ஒஸ்ரின், மொறிஸ், ஃபோர்ட் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை ஓடும் நிலையில், எத்தனை கொட்டிலில் என்று கிராம சேவையாளர் மட்டத்தில் ஒரு படிவம் போதும். இரண்டாவது, மெக்கானிக்குகளிடம் கேட்கவேண்டிய கேள்விகள். கஸ்கற்றை இரட்டித்தீர்களா, அல்லது வேறு வழியா? மண்ணெண்ணெய்க் குழாயைப் புகைக்குழாயைச் சுற்றி எத்தனை சுற்றுச் சுற்றினீர்கள், செம்பா இரும்பா? பொறியை எவ்வளவு பிந்தவிட்டீர்கள், அளந்தா, காதாலா? ஒயிலை எத்தனை மைலுக்கு மாற்றினீர்கள், மாற்ற ஒயில் இல்லாதபோது என்ன செய்தீர்கள்? மண்ணெண்ணெயோடு வேறேதும் கலந்தீர்களா? எந்தக் கார் நன்றாக இணங்கியது, எது கடைசிவரை அடம்பிடித்தது? கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தாமல் வைத்திருப்பது நல்லது. கேம்பிறிட்ஜா மைனரா என்ற வாக்குவாதம் இரண்டு மெக்கானிக்குகள் இருக்கும் இடத்தில் அரைமணி நேரத்துக்குக் குறையாது.